பல வருடம் பீரோவில் கிடந்த .22 ரைபிள் ஏன் திக்குகிறது?

கேள்வி இதுதான். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்ட வீடு. அப்பாவுடைய .22 அரைத்தானியங்கி ரைபிளை 11 வருடமாக யாரும் தொடவில்லை. அவருக்கு 70 வயது கடந்ததால் லைசென்ஸ் முறைப்படி மகன் பெயருக்கு மாறிவிட்டது. கிளப் ரேஞ்சில் முதல் தடவை சுட்டபோது சில தோட்டாக்கள் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) முழுதாகப் போகவில்லை, சில வெடிக்கவில்லை. வெடித்தவற்றிலும் காலிக் கேஸ் பாதியில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. "ரிகாயில் ஸ்பிரிங் செத்துப்போச்சா அண்ணாச்சி, புதுசு எங்க கிடைக்கும்?"

ஸ்பிரிங்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். போல்ட்டை, அதாவது சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் இரும்புத் துண்டை, முன்னே தள்ளுவதுதான் ரிகாயில் ஸ்பிரிங். அது தளர்ந்திருந்தால் போல்ட் முன்னே போகத்தான் சோம்பும். பின்னே வருவது முன்பைவிட எளிதாக இருக்கும். உங்கள் ரைபிளில் இரண்டுமே கோளாறு: முன்னே போகும்போதும் முழுதாக மூடவில்லை, பின்னே வரும்போதும் பாதியில் நிற்கிறது. இரண்டு திசையிலும் ஒன்றையே தடுக்கிறது என்றால் அது உராய்வு. அழுக்கு, காய்ந்த எண்ணெய், துரு, ஊறிப் பெருத்த கட்டை (ரைபிளின் மரப்பகுதி), இந்த நான்கில் ஒன்றோ பலவோ. புது ஸ்பிரிங் போட்டால் போல்ட் பின்னே வருவது இன்னும் மோசமாகும்.

.22 எல்.ஆர். (லாங் ரைபிள்) தோட்டா போடும் அரைத்தானியங்கிகள் பெரும்பாலும் புளோபேக் வகை. போல்ட்டைப் பூட்டிப்பிடிக்க எதுவும் கிடையாது. போல்ட்டின் எடை, ஸ்பிரிங்கின் அழுத்தம் இவ்வளவுதான் சேம்பரை அடைத்து நிற்கின்றன. மருந்து எரிந்ததும் அழுத்தம் காலிக் கேஸைப் பின்னால் தள்ளுகிறது, கேஸ் போல்ட்டைத் தள்ளுகிறது. வேறு உதவி எதுவும் இல்லை. குண்டின் எடையோ 40 கிரெயின், கிராமில் சொன்னால் 2.6. இந்தச் சின்ன வெடிப்பில் மிச்சம்பிடிக்க ஒன்றுமில்லை. சேம்பர் சொரசொரப்பானாலும் போல்ட் தடத்தில் பிசின் ஒட்டினாலும் உடனே தெரிந்துவிடும். நம் மாவட்டத்தில் முன்னாள் படைவீரர்கள் நிறைய. எஸ்.எல்.ஆர். (பட்டாளத்து 7.62 ரைபிள்) பழகிய கை இந்தக் கோளாறைப் பார்த்ததும் வாயு ரெகுலேட்டரைத் தேடும். அங்கே ரெகுலேட்டரை இறுக்கி பிஸ்டனுக்கு வாயுவைக் கூட்டி அழுக்கைச் சமாளிக்கலாம். புளோபேக் .22-இல் அப்படி ஒரு திருகே கிடையாது. துடைத்துத்தான் ஆகவேண்டும்.

தொடங்குமுன் மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்துச் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். பிசின் பிடித்த எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவைக் கவ்வி இழுக்கும் கொக்கி) உள்ளே இருக்கும் தோட்டாவை இழுக்காமல் விட்டிருக்கக்கூடும். அதனால் போல்ட்டை இழுத்தபோது எதுவும் வெளியே வரவில்லை என்பதை வைத்துக் காலி என்று நினைக்காதீர்கள். குழாய் மேகசின் உள்ள மாடலாக இருந்தால் (பிரவுனிங் எஸ்.ஏ.-22 போன்றவற்றில் குழாய் பின்கட்டைக்குள் இருக்கும்) உள்குழாயை முழுதாக உருவி வெளியே வைத்துவிடுங்கள். வேலை செய்யும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்க வேண்டாம்.

அடுத்து குழல். சேம்பர் பக்கம் வெள்ளைத் தாளை வைத்து, முன்வாய் வழியாக வெளிச்சம் வட்டமாகத் தெரிகிறதா பாருங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த குழலுக்குள் மண் குளவி கூடு கட்டியிருப்பது தோட்ட வீடுகளில் நடக்காத காரியமல்ல. .22 குழலின் உள்விட்டம் 5.6 மில்லிமீட்டர்தான், பட்டாணி அளவு மண் போதும், குழல் வீங்க. எடுத்து வைக்கும்போது உள்ளே கிரீஸ் பூசியிருந்தால் அதுவும் அடைப்பைப் போலத்தான். அதை வழித்தெடுக்காமல் சுடக்கூடாது.

இனி எந்த எண்ணெய் என்ற கேள்வி. வீட்டில் துப்பாக்கிக்கு என்ன எண்ணெய் போட்டார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். "வெளிச்செண்ணெய்" என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையும். மலையோரத்தில் மார்கழி, தை விடியற்காலையில் வெப்பம் அதற்குக் கீழே போகும். அப்போது போல்ட் தடத்தில் இருப்பது வெண்ணெய். காலையில் திக்கி, உச்சிவெயிலில் ஒழுங்காக ஓடும் ரைபிளைக் கண்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். நாளாக ஆக எண்ணெய் காறிப்போய் அமிலம் சேர்ந்து, பித்தளை பட்ட இடங்களில் பச்சை பூக்கும். நல்லெண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் இதைவிட மோசம். காற்றுப் பட்டு வார்னிஷாகவே இறுகும். தையல் மிஷின் எண்ணெய் எவ்வளவோ தேவலை. ஆனால் அதிலும் மெல்லிய பகுதி ஆவியாகிப்போய் 11 வருடத்தில் பழுப்புப் பிசின் மிஞ்சும்.

கரைப்பதற்கு பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் போதும், 250 மில்லி வாங்கினால் மீதமே இருக்கும். மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவும் ஆகும். எதைப் போட்டாலும் பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்தி, உடனே புது எண்ணெய்ப் படலம் பூச வேண்டும். கரைப்பான் பட்ட இரும்பு வெறும் இரும்பு, நம் காற்றில் ஒரு ராத்திரியில் சிவக்கும். பெட்ரோல் வேண்டாம், தீ. என்.சி. தின்னரும் வேண்டாம், கட்டையின் பாலிஷையும் பிளாஸ்டிக் பாகங்களையும் தின்றுவிடும். டபிள்யூ.டி.-40 பிசினை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது. அதையே அடித்துவிட்டு உயவு போட்டாயிற்று என்று மூடி வைப்பதால்தான் பல துப்பாக்கிகள் மறுபடியும் திக்குகின்றன.

கட்டையிலிருந்து இயக்கப் பகுதியைக் கழற்றும்போது ஒரு சோதனையையும் செய்துவிடுங்கள். கட்டையில் பொருந்தியிருக்கும்போது போல்ட்டைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். கழற்றிய பிறகு அதையே செய்யுங்கள். கழற்றியதும் வழுக்கிக்கொண்டு போனால் கட்டைதான் குற்றவாளி. இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் மாறி மாறி அடிக்கிற ஊரில் மரம் ஊறிப் பெருத்து, ரிசீவரின் (போல்ட் ஓடும் இரும்புக் கூடு) பக்கங்களை நெரிக்கும். போல்ட் கைப்பிடி ஓடும் பள்ளத்தின் ஓரம் உரசும். உரசிய இடத்தில் மரம் பளபளத்தோ கறுத்தோ இருக்கும். அந்த இடத்தை மட்டும் தாளளவுக்குத் தேய்த்து, வெட்டுப்பட்ட மரத்தில் வார்னிஷ் தடவி ஈரம் புகாமல் அடைத்துவிடலாம். திரும்பப் பூட்டும்போது திருகை மல்லுக்கட்டி இறுக்காதீர்கள். அளவுக்குமேல் இறுக்கினால் ரிசீவரே லேசாக வளைந்து போல்ட்டைப் பிடிக்கும். வேலை ஆரம்பித்த இடத்திலேயே நிற்கும்.

அதிக நேரம் செலவிட வேண்டியது சேம்பரில். சுடும்போது கேஸ் விரிந்து சேம்பர் சுவரில் ஒட்டி, அழுத்தம் இறங்கியதும் சுருங்கி விடுபடும். சுவரில் துருப்புள்ளிகள் இருந்தால் விரிந்த பித்தளை அந்தக் குழிகளைக் கவ்விக்கொள்ளும். பின்னே போக வேண்டிய விசையெல்லாம் அந்தப் பிடியை விடுவிப்பதிலேயே கரையும். உங்கள் காலிக் கேஸ் நிமிர்ந்து நின்றதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம். காலிக் கேஸின் வெளிப்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். நீளவாக்கில் கீறல்களோ எப்போதும் ஒரே இடத்தில் ஒரு புள்ளித் தடமோ இருந்தால் சேம்பரில் அதே இடத்தில் துரு இருக்கிறது. .22 எல்.ஆர். குண்டுகளின் மேல் மெழுகு பூச்சு உண்டு. அந்த மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்து சேம்பரின் முன்விளிம்பில் வளையமாக இறுகியிருக்கும். தோட்டா கடைசி 1 மில்லிமீட்டர் உள்ளே போக மறுப்பது இந்த வளையத்தால்தான்.

.22 அளவு வெண்கல பிரஷ்ஷைக் கரைப்பானில் நனைத்து சேம்பருக்குள் விட்டு 20 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு ஒரே திசையில் சுழற்றுங்கள், 10 முதல் 15 சுற்று. துணியால் துடைத்துப் பாருங்கள். துணி கறுப்பில்லாமல் வரும்வரை திரும்பச் செய்யுங்கள். உப்புத்தாளைக் குச்சியில் சுற்றித் தேய்க்கும் யோசனை எல்லோருக்கும் வரும், செய்யாதீர்கள். சேம்பர் அளவு பெரிதானால் கேஸ் வெடித்துப் பிளக்கும், அதற்குப் பிறகு குழலையே மாற்ற வேண்டும். பிரஷ்ஷுக்கு அசையாத துரு என்றால் அது லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பட்டறைக்கான வேலை.

சேம்பர் வாயின் விளிம்பில் நகத்தால் தடவிப் பாருங்கள். ஓர் இடத்தில் சின்னப் பள்ளமும் அதன் ஓரத்தில் சொரசொரப்பும் தட்டுப்பட்டால், வெறும் துப்பாக்கியை டிக் டிக் என்று அடித்துப் பார்த்ததன் விளைவு அது. .22 தோட்டாவில் தீமூட்டும் மருந்து விளிம்புக்குள் இருப்பதால் ஃபயரிங் பின் விளிம்பைத்தான் அடிக்கும். தோட்டா இல்லையென்றால் பல மாடல்களில் பின் நேராகச் சேம்பர் விளிம்பில் போய்க் குத்தும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "ட்ரிகர் நல்லா இருக்கா" என்று ஒருமுறை இழுத்துப் பார்த்திருப்பார்கள். அந்தப் பிசிறு தோட்டா நுழைவதையும் தடுக்கும், கேஸ் வெளிவருவதையும் தடுக்கும். அதைச் சமன் செய்யப் பட்டறையில் தனிக் கருவி உண்டு. வீட்டு அரத்தைத் தொடாதீர்கள்.

குழலுக்கு முடிந்தவரை சேம்பர் பக்கத்திலிருந்து கம்பி விடுவது நல்லது. பல அரைத்தானியங்கிகளில் ரிசீவரின் பின்புறம் மூடியிருப்பதால் முன்வாய் வழியாகத்தான் விட முடியும். அப்போது கம்பி முன்வாயின் ஓரத்தில் உரசாதபடி ஒரு பித்தளை வளையத்தை வழிகாட்டியாகப் போட்டுக்கொள்ளுங்கள். பட்டாளத்து ஆட்களுக்கு புல்த்ரூ (குழலுக்குள் துணியை இழுக்கும் கயிறு) பழக்கம் உண்டு, நல்ல பழக்கம். ஆனால் 7.62-க்கு வெட்டும் 4க்கு 2 அங்குல ஃபிளானலெட் துண்டை .22 குழலில் இழுத்தால் நடுவில் இறுகி நின்றுவிடும். கயிறு அறுந்தால் பெரிய வேலை. 1 அங்குலச் சதுரத் துண்டு போதும்.

போல்ட்டைக் கழற்றி டர்பன்டைனில் அரை மணி நேரம் போடுங்கள். ஃபயரிங் பின் ஓடும் தடம்தான் அதில் முக்கியம். பிசின் இருந்தால் ஹேமரின் அடி பாதி அதிலேயே கரையும். ரேஞ்சில் வெடிக்காத தோட்டாக்களைப் பத்திரமாக வைத்திருந்தால் அவற்றின் விளிம்பைப் பாருங்கள். தடம் மேலோட்டமாக இருந்தால் பின் தடத்தில் பிசின், அல்லது போல்ட் முழுதாக மூடாமல் ஹேமரின் அடி மிச்சத்தை மூடுவதிலேயே செலவாகியிருக்கிறது. தடம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லையென்றால் தோட்டா கெட்டிருக்கிறது. தடத்தைச் சுத்தம் செய்தபின் உலர்வாகவே விடுங்கள். எண்ணெய் விட்டால் அடுத்த பிசின் அங்கேதான் சேரும். கசிந்தால் தோட்டா விளிம்புக்குள் போய் மருந்தையும் கெடுக்கும்.

எக்ஸ்ட்ராக்டரின் நகத்துக்கு அடியில் கரி அடைத்திருக்கும். மரக்குச்சியால் கிளறி எடுங்கள். பிறகு ஒரு காலிக் கேஸை நகத்துக்கு அடியில் சொருகி போல்ட்டை லேசாக ஆட்டுங்கள். கேஸ் விழாமல் நிற்க வேண்டும். பலரும் குழம்பும் விஷயம் ஒன்று: புளோபேக்கில் சுட்ட கேஸ் அழுத்தத்தால் தானே பின்னே வரும், எக்ஸ்ட்ராக்டர் அதைப் பிடித்து, வெளியே தட்டிவிடும் எஜெக்டர் மேல் மோத வைப்பதோடு சரி. அதனால் சுட்ட கேஸ் ஒழுங்காக வெளியேறி, சுடாத தோட்டா மட்டும் கையால் இழுக்கும்போது சேம்பரிலேயே தங்கினால் எக்ஸ்ட்ராக்டரைப் பாருங்கள். சுட்ட கேஸே பாதியில் நின்றால் அதை விட்டுவிட்டுச் சேம்பர், போல்ட் தடம், தோட்டா என்று தேடுங்கள்.

மேகசின் ஸ்பிரிங் அமுங்கியே கிடந்ததால் செத்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல ஸ்பிரிங் அமுங்கிக் கிடப்பதால் மட்டும் பெரிதாகத் தளராது. துரு பிடித்தால் கெடும், திரும்பத் திரும்ப அமுங்கி விரிந்து தேய்ந்தால் கெடும். மேகசினை நிமிர்த்திப் பிடித்து ஃபாலோயரை (தோட்டாவை மேலே தள்ளும் தட்டு) விரலால் அமுக்கி விடுங்கள். பட்டென்று மேலே வர வேண்டும், ஊர்ந்து வந்தால் உள்ளே பிசின். கழுவி, உலர்த்தி, எண்ணெயே இல்லாமல் பூட்டுங்கள். வாயில் உள்ள இரு உதடுகளும் சம உயரத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று விரிந்திருந்தால் தோட்டா மூக்கைச் சாய்த்துக்கொண்டு சேம்பர் விளிம்பில் முட்டும். இடுக்கியால் வளைத்துச் சரிசெய்வதைவிட வேறு மேகசின் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பூட்டும்போது எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விடுங்கள். போல்ட் ஓடும் இரு பக்கத் தடங்களிலும் 2 சொட்டு, ஹேமர் அச்சில் 1, எக்ஸ்ட்ராக்டர் அச்சில் 1. சேம்பர் உலர்வாக இருக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் கேஸ் சுவரில் பிடிக்காமல் போல்ட்டின் மேல் முழு விசையையும் போடும். பூட்டி முடித்ததும் காலித் துப்பாக்கியில் போல்ட்டை 1 சென்டிமீட்டர் மட்டும் இழுத்து விடுங்கள். தானாகச் சட்டென்று மூடினால் உராய்வு போய்விட்டது. சுத்தமான தடத்திலும் மூடச் சோம்பினால்தான் ரிகாயில் ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, துருப்புள்ளியும் கோணலும் உண்டா என்று பார்க்கும் நேரம்.

சுட்டுப் பார்க்க வீட்டில் கிடந்த பழைய தோட்டாப் பெட்டியைத் தொடாதீர்கள். கோளாறு துப்பாக்கியிலா தோட்டாவிலா என்று பிரிக்க முடியாமல் போகும். பச்சை பூத்தவை, குண்டு கேஸுக்குள் ஆடுபவை எல்லாவற்றையும் ஒதுக்கி டீலரிடமோ போலீஸ் நிலையத்திலோ கணக்கோடு ஒப்படையுங்கள். குளத்தில் போடுவதும் அடுப்பில் எறிவதும் கூடாது. புதுப் பெட்டி வாங்கும்போது ஹை வெலாசிட்டி என்று இருப்பதை எடுங்கள். ஸ்டாண்டர்டு வகையில் குண்டு விநாடிக்கு சுமார் 330 மீட்டரில் கிளம்பும், இதில் சுமார் 380. இலக்குப் பயிற்சிக்கான மெதுவான தோட்டாவில் நல்ல துப்பாக்கியே சில நேரம் பாதியில் நிற்கும்.

இடம் கிளப் ரேஞ்ச் மட்டும்தான். 2011 கணக்கெடுப்பிலேயே நம் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல்; .22 குண்டு உயர்த்திச் சுட்டால் ஒன்றரைக் கிலோமீட்டர் போகும். ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் வீடு. முதலில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா. கேஸ் வெளியே பறந்து விழுந்ததா, கடைசித் தோட்டாவில் போல்ட் திறந்து நிற்கும் மாடலானால் நின்றதா? கேஸ் காலடியிலேயே சோம்பி விழுந்தால் இன்னும் உராய்வு மிச்சமிருக்கிறது. அடுத்து 2, பிறகு 5, அதன்பின் முழு மேகசின். இரண்டு போடும் கட்டத்தை விட்டுவிட்டு நேராக ஐந்துக்குப் போகாதீர்கள். ஒரு இழுப்பில் இரண்டும் வெடிக்கும் கோளாறு இருந்தால் அங்கேயே தெரியும். தெரிந்தால் அன்றைய சோதனை முடிந்தது, துப்பாக்கி நேராகப் பட்டறைக்கு. ட்ரிகர் பாகங்களில் நீங்கள் கை வைக்கக்கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கி பழுதுபார்ப்புக்கே தனி லைசென்ஸ் வேண்டும். துடைப்பதும் எண்ணெய் போடுவதும் உங்கள் வேலை, பாகம் மாற்றுவதும் தேய்ப்பதும் அவர்கள் வேலை.

ட்ரிகர் இழுத்தும் வெடிக்காவிட்டால் முன்வாயை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி எண்ணுங்கள், பிறகுதான் போல்ட்டைத் திறக்க வேண்டும். "டப்" என்பதற்குப் பதிலாக "பொட்" என்று அடங்கிய சத்தம் கேட்டால் குண்டு குழலுக்குள் நிற்கலாம். அடுத்த தோட்டாவைப் போடுமுன் குழலைப் பார்த்தே ஆகவேண்டும். முழுதாக மூடாத போல்ட்டை உள்ளங்கையால் தட்டி மூடும் பழக்கம் சிலருக்கு உண்டு. பாதி வெளியே நிற்கும் கேஸ் வெடித்தால் பித்தளைத் துண்டுகள் முகத்துக்கு வரும். எதுவானாலும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு எங்கே வைப்பது? தோல் உறையில் வேண்டாம், அது ஈரத்தையும் பதனிட்ட உப்பையும் சேர்த்துக் கொடுக்கும். ஷீட் அடிக்கும் புரைக்குப் பக்கத்து அறையிலும் வேண்டாம். ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட்டின் ஆவி கேனிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும், இரும்புக்கு அது எமன். தோட்ட வீடுகளில் துப்பாக்கி துருவேறக் கடற்காற்றே வேண்டாம், இந்தக் கேன் போதும். பூட்டுள்ள இரும்பு பீரோவில், உறையில்லாமல், முன்வாய் கீழே பார்க்க நிறுத்துங்கள். எண்ணெய் வடிந்து கட்டையின் மரத்தை ஊறவைக்காது. 250 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் தொங்கவிட்டு, நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரி அவனில் 2 மணி நேரம் காயவைத்தால் திரும்பப் பயன்படும். தோட்டாக்கள் தனியாக, வேறு பூட்டில். மழைக்காலம் இரண்டுக்கும் முன்னால், மே கடைசியில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை, எண்ணெய்த் துணியால் துடைத்து போல்ட்டைப் பத்துத் தடவை இழுத்து விடுங்கள். அப்பா மறுபடியும் வெளிச்செண்ணெய்க் குப்பியோடு வந்தால் தலைக்குத் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.